தொழிலாளர் நட்டஈடும் சட்டத்தரணியின் கல்வியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பேசப்படும்போது கப்பற்படைகளும் கோட்டை கொத்தளங்களுமே முதலிடம் பெறுகின்றன. 1795 இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றியதையும், 1957 இல் அவர்தம் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டதையும் நேயர்கள் அறிவர். ஆனால் அங்கே பொதி சுமந்த நாட்டாமைகளும், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளை எழுப்பிய கூலியாட்களும், வள்ளமோட்டிகளும் ஏடுகளில் இடம்பெற்றது அரிது. சங்கிலி அறுந்து ஒருவன் காலை இழந்தால் அவன் குடும்பம் யாது செய்யும்? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் சட்டத்தின் வரலாற்றையே புரட்டுதல் வேண்டும்.

முற்காலச் சட்டம் தொழிலாளிக்குத் துணைநிற்கவில்லை. இங்கிலாந்தில் 1837 இல் பிரீஸ்ட்லி என்னும் இறைச்சிக்கடை ஊழியன், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து காயமுற்று, தன் எசமானாகிய பௌலர்மீது வழக்கிட்டான். நீதிமன்றம் அவனுக்கு நட்டஈட்டை மறுத்தது. உடன் வேலைசெய்வோனின் தவறுக்கு எசமான் பொறுப்பல்லன் என்ற கொள்கை இத்தீர்ப்பிலிருந்தே வளர்ந்தது. இலங்கையில் வழங்கிய உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழும், தவறு எசமானுடையது என்பதை நிரூபிக்கும் பாரம் காயமுற்றவன் தலைமீதே விழுந்தது.

இந்நிலையை முதலில் மாற்றிய பெருநாடு யேர்மனி. அதன் விபத்துக் காப்புறுதிச் சட்டம் 1884 இல் இயற்றப்பட்டது. இங்கிலாந்து 1897 இலும், இந்தியா 1923 இலும் அவ்வழியைப் பின்பற்றின. இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. தவறு யாருடையது என்ற கேள்வியை அது பின்னே தள்ளியது. விபத்து தொழிலின் காரணமாகவும் தொழிலின் போக்கிலும் நேர்ந்ததா என்பதே முதன்மைக் கேள்வியாயிற்று. அதனை விசாரித்துத் தீர்ப்பளிக்க ஆணையாளர் ஒருவரும் நியமிக்கப்பட்டார்.

கேட்பதற்கு எளிய சொற்றொடர். ஆயினும் தொழில் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது? கடல் நடுவே புகுந்து வீட்டையும் வேலையையும் பிரிக்கும் திருகோணமலை போன்ற இடத்தில் இக்கேள்வி வெறும் தருக்கமன்று. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, மக்கள் 'பாதை' என்று வழங்கும் மிதவையிலேதான் அந்நீரைக் கடந்தனர். அவ்வாறு கடந்து வேலைக்குச் செல்லும் ஒருவன் வழியில் மூழ்கி இறந்தால், அது தொழிலின் போக்கில் நேர்ந்த சாவா?

நீதிமன்றங்கள் இதற்கு ஒரே விடை கூறவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பப் புகைவண்டி ஏறுகையில், கூட்டத்தின் நெருக்கத்தால் மேடையிலிருந்து தள்ளப்பட்டுக் காயமுற்ற வீவர் என்னும் சுரங்கத் தொழிலாளிக்கு, 1940 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை சார்பாகத் தீர்ப்பளித்தது. 1952 இல் குசராத்தின் போர்பந்தருக்கு அருகே உப்பளத் தொழிலாளர் சிலர் சென்ற படகு கவிழ்ந்து அவர்கள் மாண்டனர். அப்படகுத்துறை பொதுமக்கள் யாவர்க்கும் உரியது. ஆதலின் அது வேலைத்தலத்தின் எல்லைக்குள் அடங்காது என்று 1958 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதன்று. எனினும் சட்டவாசகம் ஒத்திருத்தலின் எடுத்துக்காட்டப்படத் தக்கது.

இனி, அத்தீர்ப்பை நன்கு கற்றுத் தொழில் தொடங்கிய சட்டத்தரணி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கணவனை வழியில் பறிகொடுத்த பெண்ணொருத்தி அவரை நாடி வருகின்றாள். "வேலைத்தலத்தை அடையுமுன் நேர்ந்த விபத்து, வழக்கில்லை" என்கிறார் அவர். அவர் கற்றது பொய்யன்று, பழையது. 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால், வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் செல்லும் பயணத்தில் நேரும் விபத்துகளும் காப்பிற்குள் கொண்டுவரப்பட்டன. 550,000 ரூபாவாக இருந்த நட்டஈட்டின் உச்ச வரம்பும் 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இம்மாற்றத்தை அறியாத ஒருவரின் ஒரு சொல்லால், உரிமையுள்ள குடும்பம் வெறுங்கையுடன் திரும்ப நேரிடுகின்றது.

இலங்கையில் சட்டக் கல்விச் சபை 1874 இல் நிறுவப்பட்டது. நீதிபதிகளின் தொடர்கல்விக்கென 1985 இல் தனிச்சட்டத்தால் ஒரு நிறுவகமும் அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1975 இலேயே வழக்கறிஞரின் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியது. இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் அத்தகைய கருத்தரங்குகளை நடத்தி வருகின்றது. தலைநகரில் நிகழும் இக்கல்வி மாகாண நகரங்களுக்கும், ஆங்கில மொழியோடு நில்லாது தமிழுக்கும் வருதல் வேண்டும். நட்டஈட்டு வழக்கை நடத்துவோர் திருத்தச் சட்டங்களை மட்டுமன்றி, வைத்தியர் வழங்கும் ஊனச் சான்றிதழைப் படித்தறியவும், தொழிலால் விளையும் நோய்களை இனங்காணவும் பயிலுதல் அவசியம்.

சத்தியப்பிரமாணம் செய்த நாளோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. 1934 இல் வேலைத்தலத்தின் வாயிலில் நின்ற காப்பு, 2022 இல் தொழிலாளியின் வீட்டு வாயில் வரை வந்துவிட்டது. வந்த செய்தியை அவ்வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் சட்டத்தரணியே. அவர் அதனைக் கற்றிருந்தாலன்றி, துறைமுகத்தில் உழைத்து மாண்டவனின் மனையாளுக்கு அச்சட்டம் இயற்றப்பட்டும் இயற்றப்படாததாகவே இருக்கும்.