சோறும் உரிமையும்

கோவில்பதாகைக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது ஆவடி. 1955 சனவரியில் அங்கேதான் காங்கிரசு மாநாடு கூடிற்று. சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் தீட்டிற்று. பாடவேளையில் இதை நான் விளக்கியபோது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, சோறு பெரிதா, சுதந்திரம் பெரிதா?"

நல்ல கேள்வி! ஆனால் அவனுக்கு முன்பே ஆள்வோர் மக்களை நோக்கிக் கேட்ட கேள்வி அது. ஒன்றை எடுத்துக்கொள், மற்றதை எம்மிடம் விட்டுவிடு என்பதே அதன் உட்பொருள். அப்படி விட்டுவிட்டால் என்ன ஆகும்? வரலாற்றைக் கேட்போம்.

1975 சூன் 25. நெருக்கடி நிலை பிறந்தது. ஏடுகளுக்குத் தணிக்கை, எதிர்த்தவர்க்குச் சிறை. சில நாட்களில், சூலை 1-ல், இருபது அம்சத் திட்டம் வந்தது. நிலமற்றோர்க்கு நிலம், கொத்தடிமைகளுக்கு மீட்சி, கடன்பட்டோர்க்கு நிவாரணம் என்று வாக்குறுதிகள் வரிசையாக வந்தன. வயிற்றைக் காட்டி வாயை அடைத்தனர்! மிசாச் சட்டத்தில் மட்டும் 34,988 பேர் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர் என்று பின்னர் ஷா ஆணையம் கணக்குத் தந்தது.

தமிழகம் தப்பிற்றா? 1976 சனவரி 31-ல் கலைஞர் தலைமையில் இருந்த ஆட்சி கலைக்கப்பட்டது. கழகத் தோழர்கள் சிறைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். செங்கற்பட்டுத் தொகுதியின் மக்களவை உறுப்பினர் சிட்டிபாபு, சென்னை மத்திய சிறையிலே அடிபட்டார். 1977 சனவரியில் உயிர் நீத்தார். அன்று நம் கோவில்பதாகையும் செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்தான். அந்தச் சிறைக் கொடுமையைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்து உலகறியச் செய்தது.

நீதிமன்றம் காத்ததா? 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம், நெருக்கடிக் காலத்தில் சிறைப்பட்டவன் தன் விடுதலைக்காக வழக்குத் தொடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐவரில் நால்வர் அப்பக்கம். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். மறுத்தவருக்குத் தலைமை நீதிபதிப் பதவி கிட்டவில்லை; அவரைத் தாண்டி இளையவருக்குத் தந்தனர்.

1977 மார்ச்சில் தேர்தல். சோறும் வேண்டும், சுதந்திரமும் வேண்டும் என்று முழங்கியது ஜனதா. பழைய காங்கிரசார், சோஷலிஸ்டுகள், ஜனசங்கத்தார், சரண்சிங்கின் உழவர் அணியினர் கலந்த கலவை அது. அகாலி தளமும் துணை சேர, மொரார்ஜி தேசாய் தலைமையில் கூட்டணி அமைச்சரவை அம்மாதமே பதவி ஏற்றது. சனாதனமும் சமதர்மமும் ஒரே மேசையில்!

எனினும் அவர்கள் செய்ததை மறைப்பது பகுத்தறிவாகாது. ஏடுகளின் விலங்கு உடைக்கப்பட்டது. 1978-ல் மிசா நீக்கப்பட்டது. அதே ஆண்டு நிறைவேறிய 44-ஆம் திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்ற சாக்கை அகற்றி, ஆயுதக் கிளர்ச்சி இருந்தாலன்றி உள்நாட்டுக் காரணம் காட்டி நெருக்கடி நிலை கொணர முடியாது என்றது. உயிர்க்கும் உடலுரிமைக்கும் உரிய 21-ஆம் பிரிவை எந்நாளும் நிறுத்தி வைக்க முடியாது என்றது. சொத்துரிமையையோ அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

சோற்றுக்கு என்ன செய்தனர்? அரசுக் கிடங்குகளில் ஏறத்தாழ 2 கோடி டன் தானியம் குவிந்து கிடந்தது. ஊரிலோ பசி! 1977-ல் வேலைக்கு உணவுத் திட்டம் வகுத்தனர். ஏரி தூர் வாரியவனுக்கும் சாலை போட்டவனுக்கும் கூலியின் ஒரு பகுதி தானியமாகக் கிடைத்தது. முடங்கிய இருப்பு ஏழையின் அடுப்புக்கு வந்தது. ஊருக்குக் குளமும் வழியும் கிடைத்தன. இது நல்ல செலவு.

ஆனால் தோழர்களே, இரண்டிலும் ஓர் ஓட்டை இருந்தது.

மிசாவை நீக்குமுன்பே, 1977 டிசம்பரில், விசாரணையற்ற காவலைக் குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே நுழைக்க அந்த அரசு முயன்றது. எதிர்ப்புக் கண்டு 1978-ல் கைவிட்டது. 44-ஆம் திருத்தத்திலே தடுப்புக் காவலுக்குக் கடிவாளம் இடும் பகுதி ஒன்று உண்டு. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நாளைக் குறிக்கும் பொறுப்பு மத்திய அரசிடம் விடப்பட்டது. எந்த அரசும் அந்த நாளைக் குறிக்கவில்லை! 1979 சூலையில், இரட்டை உறுப்பினர் சர்ச்சையிலும் நாற்காலிப் பூசலிலும் மொரார்ஜி ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிசா போன கதவு வழியே அதன் தம்பி நுழைந்தான்.

தானியத் திட்டம்? அது ஆணையால் வந்தது, உரிமையாக எழுதப்படவில்லை. வேலை தராவிட்டால் ஏன் என்று கேட்க உழைப்பாளிக்கு வழியில்லை. 1980-ல் வேறு பெயரில் வேறு திட்டமாயிற்று. வேலை கேட்பது சட்டப்படி உரிமை என்று நாடு முழுமைக்கும் எழுத 2005 வரை, 28 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அதைச் செய்ததும் ஒரு கூட்டணி அரசே. அதே அரசுதான் 2004 செப்டம்பரில் பொடாவை ஒழித்தது. ஒழித்த அன்றே சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குப் புதிய பற்களும் கட்டித் தந்தது!

கூட்டணி ஆட்சிகளை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கொடுத்தது யார் என்று மட்டும் பார்த்துக் கைதட்டாதீர். எப்படிக் கொடுத்தார் என்றும் பாருங்கள் என்பதற்காகவே சொல்கிறேன். சலுகையாகத் தந்தது ஆட்சி போனதும் போகும். சட்டமாகத் தந்ததிலும் எழுதாமல் விட்ட வரியிலே பழைய கொடுமை ஒளிந்திருக்கும். வரவு செலவுத் திட்டத்தையும் சட்டத் திருத்தத்தையும் ஒரே கண்ணால் படிக்கப் பழகுவோம்.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, கேட்கும் வாய் இருந்தால்தான் சோறு உரிமையாகும். வாயை அடைத்துவிட்டுப் போடுகிற சோற்றுக்குப் பிச்சை என்று பெயர்."