கூப்பர் வீட்டு விதை

1807-ம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெபர்ஸனுக்குத் திமோத்தி மாட்லாக் என்பவர் சில காய்கறி விதைகளை அனுப்பினார். 1776-ல் ஜெபர்ஸன் இயற்றிய சுதந்திரப் பிரகடனத்தைத் தோலில் அழகாகப் பிரதி எடுத்தவர் இந்த மாட்லாக்தான் என்பார்கள். அதே கை முப்பத்தோரு வருஷம் கழித்து ஒரு காயைப் பற்றி எழுதியது: நீண்டு வளைந்து பருப் பருவாய் இருக்கும் 'ஸ்குவாஷ்', நியூ ஜெர்ஸி மண்ணுக்கே உரியது, கூப்பர் குடும்பத்தார் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகப் பேணி வருவது.

எனக்குப் பிரகடனத்தைவிட இந்தக் குறிப்பின்மேல்தான் ஆசை அதிகம்.

ஸ்குவாஷ் நம் பூசணிக்கு உறவு. இது மஞ்சள் நிறம், வாத்துக் கழுத்துப்போல வளைவு; பிஞ்சிலேயே பறித்துச் சமைப்பார்கள். உறைபனிக் காலம் கழிந்ததும் விதையை ஓரங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஐம்பது அறுபது நாளில் காய். இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். கஷ்டமெல்லாம் விதை எடுப்பதில் இருக்கிறது. சமையலுக்கு ஆகும் பிஞ்சில் விதை முற்றியிராது. நல்ல காயாக ஒன்றைப் பார்த்து, தோலில் நகம் இறங்காதபடி கெட்டிப்படும்வரை செடியிலேயே விட்டுவைக்க வேண்டும். அது முற்ற முற்றச் செடி மேற்கொண்டு காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். இந்த வருஷத்துச் சாப்பாட்டில் கொஞ்சம் இழந்தால்தான் அடுத்த வருஷத்துக்கு விதை.

அதுவும் போதாது. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூ ஒரே ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும். மகரந்தம் கொண்டுவருவது தேனீ. அடுத்த வீட்டில் இதே இனத்துக் கசப்புக் காயை அழகுக்காக வளர்த்தால், தேனீ வேலி பார்க்குமா? கலந்த விதையில் காட்டுப் பூசணியின் கசப்பு திரும்பிவிடும். வயிற்றைப் புரட்டும் கசப்பு. அப்படியிருந்தும் நூறு வருஷம் அதே வளைவு, அதே பரு! தலைமுறைதோறும் அந்த வீட்டில் யாரோ ஒருத்தி, "இந்தக் காயைத் தொடாதே" என்று சொல்லியிருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் கூப்பர்களுக்கு அது வானத்திலிருந்து விழவில்லை. ஸ்குவாஷ் என்ற சொல்லே நாராகான்செட் என்னும் பழங்குடியாரின் பாஷை. 1643-ல் ரோஜர் வில்லியம்ஸ் அதைக் குறித்துவைத்தார். மிஸௌரியில் பிலிப்ஸ் ஸ்பிரிங் என்ற இடத்தில், காட்டு விதையைவிடப் பெரிய பூசணி விதைகள் கிடைத்திருக்கின்றன. வயது சுமார் 5000 ஆண்டு. விதை பருத்தது மனிதக் கை பட்டதற்கு அடையாளம். வளைகழுத்துக் காய் அந்தக் கிழக்கத்திய வமிசத்தைச் சேர்ந்ததுதான். (நாமும் மஞ்சள் பூசணிக்குப் பரங்கிக்காய் என்று பெயரிட்டோம். கொண்டுவந்த பரங்கியர் பெயர் நிலைத்தது. அவர்களுக்கு அதைக் கொடுத்தவர்கள் யாரென்று நாம் கேட்டதில்லை.)

நியூ ஜெர்ஸி, வெள்ளையர் வருமுன், லெனாபே மக்களின் நாடு. நிலமெல்லாம் கைமாறிய பின், 1758-ல் அவர்களுக்கென்று பிரதர்டன் என்ற இடத்தில் கொஞ்சம் ஒதுக்கினார்கள். 1802-ல் அங்கே எஞ்சியிருந்தவர்களும் நியூயார்க் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மாட்லாக் ஜனாதிபதிக்கு விதை அனுப்பியது அதற்கு ஐந்து வருஷம் பின்னால்.