பெட்டிக்குள் ஒன்று, கூரைமேல் ஒன்று

மலேசியாவின் நீலாயிலிருந்து லாபு போகும் பக்கம், செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பம்பு வீடு. சுவரில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு கருவி. மேட்டுத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சிம் கார்டு வழியாக ஆபீசுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. கதவைத் திறந்து வைத்தால் பச்சை விளக்கு எரியும். சாத்தினால் சற்று நேரத்தில் சிவப்பு. அதனால் கதவிடுக்கில் ஒரு செங்கல் துண்டைச் செருகி வைத்திருந்தார்கள். சாரல் அடித்து அடித்துக் கருவியின் மின்சுற்றுப் பலகை ஓரம் பச்சை பூத்திருந்தது. கருவியில் கோளாறு இல்லை, சிம்மிலும் இல்லை. ஏரியல் கருவிக்குள்ளேயே இருந்தது, கருவியோ இரும்புக்குள் இருந்தது. நல்லவேளையாகப் பலகையில் வெளி ஏரியலுக்கு ஒரு சொருகி இருந்தது. பெட்டியில் துளை போட்டுக் கூரைக்கு மேல் ஒரு குச்சியை நிறுத்தியதும் செங்கலுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சிம் போட்ட கருவிகளுக்கான ஏரியல் சந்தை இந்த இரண்டாகத்தான் பிரிந்து கிடக்கிறது: பலகையோடு பிறந்த உள் ஏரியல், கம்பியோடு வரும் வெளி ஏரியல். எது உயர்ந்தது என்பதைவிட, எதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. உள் ஏரியலை எங்கோ ஒரு நகரத்தில் கருவியை வடிவமைத்த பொறியாளர் தேர்ந்தெடுத்துவிடுகிறார். வெளி ஏரியலைத் தேர்ந்தெடுப்பது, தோட்டத்தில் நின்று சிவப்பு விளக்கைப் பார்க்கிறவர்.

உள்ளே ஒளித்து வைக்கும் பழக்கம் கைப்பேசியிலிருந்து வந்தது. 1999இல் வந்த நோக்கியா 3210 கோடிக்கணக்கில் விற்று, தலையில் கொம்பு இல்லாத கைப்பேசியை எல்லார் கையிலும் கொடுத்தது. ஆனால் கைப்பேசிக்கு நம் கால்கள் துணை. லயத்து வீட்டுக்குள் லைன் கிடைக்காவிட்டால் பிரட்டுக்களத்து மேட்டுக்கு நடந்து போய்ப் பேசிய காலம் நமக்குத் தெரியும். பம்பு வீட்டுக் கருவி எங்கே நடக்கும்? மாட்டிய இடத்திலேயே வருடக்கணக்கில் நிற்க வேண்டும். நடக்கிற பொருளுக்குச் சரியாக இருந்த தீர்வை நிற்கிற பொருளுக்கும் போட்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஏரியலின் நீளம் யாருடைய விருப்பத்துக்கும் வளையாது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ.; அதில் கால் பங்கு, அதாவது எட்டு செ.மீ.க்குச் சற்று மேல், ஒரு குச்சி ஏரியலுக்கு வேண்டும். 2600 மெகாஹெர்ட்ஸுக்கு மூன்று செ.மீ. போதும். அலைவரிசை இறங்க இறங்க ஏரியல் நீள்கிறது. காட்டுக்குள் உதவுவதோ இறங்கிய அலைவரிசைதான். அடர்ந்த செம்பனை மட்டைகளை, அதுவும் மழையில் நனைந்து சொட்டும் மட்டைகளை, உயர்ந்த அலைவரிசை கடந்து வரத் திணறும். தோட்டத்துக்கு எது நல்லதோ, அது சின்னப் பெட்டிக்குள் அடங்க மறுக்கிறது.

அடங்க வைப்பதற்கே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. அயர்லாந்தின் டவோகிளாஸ், பார்சிலோனாவின் இக்னியான், ஈதர்ட்ரானிக்ஸைச் சேர்த்துக்கொண்ட கியோசெரா ஏவிஎக்ஸ் ஆகியவை இந்தத் துறையில் தெரிந்த பெயர்கள். ஷாங்காயின் குவெக்டெல் மோடத்தையும் விற்கிறது, ஏரியலையும் விற்கிறது. உள் ஏரியல் பலகையிலேயே செம்புக் கோடாக வரையப்பட்டிருக்கலாம். அரிசிமணி போன்ற பீங்கான் சில்லாக இருக்கலாம். பெட்டியின் உட்சுவரில் ஒட்டும் மெல்லிய தகடாகவும் இருக்கலாம். செம்புக் கோட்டுக்கு உதிரிப் பாகச் செலவே இல்லை என்பதால் லட்சக்கணக்கில் செய்கிறவர்களுக்கு அதன்மேல் ஆசை. சில்லு சின்னதுதான், ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய அடியில் பலகையின் செம்புப் பரப்பு சுமார் 10 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். விளம்பரத் தாளில் சில்லின் அளவு பெரிய எழுத்தில் இருக்கும். பலகையின் அளவைத் தேடித்தான் படிக்க வேண்டும். பலகையைக் குறுக்கியவர் இழந்த அலையை, கடைசியில் தோட்டத்துக்காரர் இழக்கிறார்.

வெளி ஏரியல் சந்தையின் குறை வேறு விதம். அங்கே பொய் மலிவு. இணையக் கடைகளில் ஒரு சாண் குச்சிக்கு, அலையைக் குவிக்கும் திறனின் அளவான டிபிஐ கணக்கில், 12 டிபிஐ, 18 டிபிஐ என்று எழுதி விற்கிறார்கள். அரை அலை நீளமுள்ள நேர்க்குச்சி ஏரியல் கொடுப்பது 2.15 டிபிஐ. எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பிக்கொண்டே 900 மெகாஹெர்ட்ஸில் 9 டிபிஐ வேண்டுமென்றால், குச்சி ஒரு மீட்டரைத் தாண்டி வளர்ந்திருக்க வேண்டும். உள்ளே என்ன மாயம் செய்தாலும் ஒரு சாணுக்குள் அது வராது. அந்த எண்ணை நம்பி வெள்ளியைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். கைக்காசை எண்ணிச் செலவழிக்கும் சிறு தோட்டக்காரர்கள் அவர்கள். இன்னொன்றும் உண்டு: உண்மையிலேயே அதிக டிபிஐ உள்ள குச்சி, அலையை அடிவானத்தை ஒட்டித் தட்டையாக அமுக்குகிறது. பள்ளத்தில் பம்பு வீடும் மேட்டில் கோபுரமுமாக இருக்கும் நம் பக்கத்து நிலத்தில் அது கோபுரத்தைத் தவறவிடலாம்.

கம்பியும் தின்னும். ஏரியலோடு கொடுக்கும் மெல்லிய கறுப்புக் கம்பி, 900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் ஒரு டெசிபல் விழுங்குகிறது. மூன்று மீட்டர் ஓட்டினால் பாதி அலை வழியிலேயே போய்விடும். பத்து மீட்டர் ஓட்டி உயரத்தில் கட்டியவர், தாழ்வாரத்தில் கட்டியவரைவிட மோசமாகப் போனாலும் வியப்பில்லை. கனமான கம்பிக்கு விலை கூடத்தான். ஆனாலும் ஏரியலில் சேர்க்கும் காசைக் கம்பியில் சேர்ப்பதே நல்லது என்பேன்.

பிறகு இந்த மண்ணின் தொல்லைகள். மழை மூட்டுக்குள் இறங்கிப் பித்தளை கறுக்கும். எலி கம்பியைக் கடிக்கும். கூகை வளர்த்து எலியைப் பிடிக்கிற தோட்டங்களிலும் எலி ஒழிந்துவிடுவதில்லை. மாலை இடியோ கம்பம் கண்ட இடத்தில் இறங்கப் பார்க்கும். இவை எதுவும் உள் ஏரியலுக்கு இல்லை. துளை இல்லாத பெட்டியில் தண்ணீர் நுழையாது. குலை ஏற்றும் லாரியில் ஒளித்து வைக்கும் ஜிபிஎஸ் கருவிக்கு வெளியில் குச்சி இருந்தால், திருடன் முதலில் அதைத்தான் வெட்டுவான். அங்கே உள் ஏரியலே சரி. லாரிதான் நாளெல்லாம் ஓடுகிறதே, ஒரு வளைவில் கிடைக்காத லைன் அடுத்த வளைவில் கிடைத்துவிடும்.

வயது என்ற கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. மலேசியாவில் 3ஜி சேவை 2021 டிசம்பர் 31க்குள் நிறுத்தப்பட்டது. 3ஜியை மட்டும் நம்பியிருந்த கருவிகள் ஊமையாகின. உள் ஏரியல் பலகையோடு குப்பைக்குப் போயிற்று. வெளி ஏரியலைக் கழற்றிப் புதிய 4ஜி கருவியில் மாட்ட முடிந்தது, அது அகன்ற அலைவரிசைக்குச் செய்யப்பட்டதாக இருந்தால். 900, 1800, 2100 மட்டும் என்று வெட்டிய குச்சி 2600இல் தடுமாறும். நாட்டின் 5ஜி வலையமைப்பு 3.5 கிகாஹெர்ட்ஸோடு 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறது. அந்த 700 பழைய அனலாக் தொலைக்காட்சி விட்டுப்போன இடம். அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுவதும் நின்றது. லயத்துக் கூரையில் மீன்முள் ஏரியலைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த தலைமுறைக்கு, நீள அலைக்கு நீள ஏரியல் வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 700க்குக் கால் அலையே 10 செ.மீ.யைத் தாண்டுகிறது, சின்னப் பலகைக்கு இது இன்னும் கடினமான பாடம்.

பண்டார் பாரு நீலாயில், வீட்டு வரிசைகளுக்கு நடுவில் கோபுரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில், உள் ஏரியலே போதும். அங்கே குச்சிக்குச் செலவழிப்பது வீண். ரயில் பாதை தாண்டி, பத்தாங் பெனாரும் லாபுவும் மந்தினும் தொடங்கும் காட்டுப்பக்கத்துக்கு வெளி ஏரியல் வேண்டும். தோட்டங்கள் வெட்டுப்பட்டுக் குடியிருப்புத் தாமான்களாக மாறிக்கொண்டிருப்பதால் இந்த எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று குச்சி கேட்கும் பம்பு வீட்டுக்கு, பக்கத்தில் ஒரு கோபுரம் எழும்பினால் அது தேவைப்படாமல் போகலாம். அப்போது கழற்றி இன்னும் உள்ளே இருக்கும் இன்னொரு பம்பு வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஆகவே கருவி வாங்கும்போது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் (எம்சிஎம்சி) முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பலகையின் ஓரத்தில் மிளகளவுக்குப் பொன்னிறத்தில் ஒரு வட்டச் சொருகி இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார், கேட்டால் காட்டுவார். அந்தப் பம்பு வீட்டுப் பெட்டியில் அது இருந்தது. இப்போது கதவு சாத்தியிருக்கிறது, கூரையில் குச்சி நிற்கிறது, மூட்டில் கறுப்பு ரப்பர் நாடா மூன்று சுற்று.