இரைச்சலுக்குள் செய்தி கேட்ட காலம்

1990 யூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதைத் தொடர்ந்து யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. உலர் மின்கலங்களும் வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. உரும்பிராயில் மட்டுமன்றி வலிகாமம் எங்கணும் அக்காலத்தில் வானொலிக்கு உயிரூட்டியது துவிச்சக்கரவண்டியின் டைனமோவே. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, ஏனையோர் பிபிசி தமிழோசைக்குச் செவிசாய்த்திருப்பர். குண்டு விழுந்த ஊரின் பெயர் இரைச்சலில் அமிழ்ந்துபோனால், அங்கே உறவினர் உள்ளவர்களுக்கு அன்றிரவு உறக்கமில்லை.

அந்த இரைச்சலின் காரணம் எளிது. டைனமோ தருவது 6 வோல்ட் அளவிலான ஆடலோட்ட மின்சாரம். வானொலி கேட்பதோ நேரோட்டம். நான்கு டயோட்டுகள் ஓட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பினாலும் அதன் ஏற்ற இறக்கம் ஒலிபெருக்கியில் முரலும். சுழற்சி வேகம் கூடக்கூட முரலலின் சுருதியும் உயரும். பெரிய கொள்ளளவி ஒன்றைக் குறுக்கே இணைத்து அதனை அடக்கலாம். மோட்டார் சைக்கிள் பற்றறியை முதலில் ஏற்றிவிட்டு, டைனமோவைக் கழற்றிய பின் கேட்பதே மிகச் சிறந்தது.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. வண்டி டைனமோவுக்கு வெளியே தெரிவது ஒரு கம்பி மட்டுமே; மற்றைய முனை வண்டியின் இரும்புச் சட்டந்தான். வானொலியின் எதிர்முனை தவறி அச்சட்டத்தில் முட்டினால் மின்னோட்டம் திரும்புவதற்கு வேண்டாத இரண்டாவது வழி பிறக்கும். அலையின் ஒரு பாதி டயோட்டினூடாகவே குறுக்குச்சுற்றாகி வீணாகும், முரலல் பெருகும். வண்டியினின்று வானொலியைத் தள்ளிவைத்து, இரு கம்பிகளையும் முறுக்கிக் கொண்டுசெல்வதே இதற்குப் பரிகாரம். இன்று வீட்டில் மோட்டார்கள் பூட்டிய அசையும் ஆசனத்தில் அமர்ந்து கணினியிற் காரோட்டுவோரைத் தொல்லைப்படுத்தும் எர்த் வளையமும் இதன் உறவுதான்.

மின்சாரம் இல்லாத ஊரில் அலைவரிசை தூய்மையாக இருந்ததென்பதையும் சொல்லவேண்டும். குழல் விளக்கில்லை, மின்மோட்டார் இல்லை. சிற்றலை துல்லியமாகவே விழுந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் ஒன்று ஒழுங்கையாற் போனால், அதன் தீப்பொறி மட்டும் சடசடக்கும்.

மின்சாரத்தின் வருகையால் அமைதி குலைந்த வேறோர் இடமும் உண்டு. பம்பாயில் மின் டிராம் வண்டிகள் வரவிருந்தமையால், புவிகாந்தத்தை அளந்துவந்த கொலாபா ஆய்வகத்தின் பணி 1904இல் அலிபாக்கிற்கு மாற்றப்பட்டது. தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள் கசியும் மின்னோட்டம் கருவிகளைக் குழப்பும் என்பதே காரணம். ஒப்புநோக்கும் பொருட்டு 1906 வரை ஈரிடங்களிலும் அளந்தனர். அங்கே நகர்ந்து செல்ல இடமிருந்தது.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, மூட்டைகள் ஏற்றிய வண்டிகளோடு டைனமோக்களும் தென்மராட்சிக்குச் சென்றன. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நிறுத்தப்பட்டது.