பனஃப்ஷாப் பூவும் ஜோஷாந்தாவும்

இந்தியத் தேநீரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1839இல் அசாம் தேயிலை இலண்டனில் ஏலம் போனதைப் பெருந்திருப்பமாகக் காட்டுவர். உலர்ந்த பூவைக் கொதிநீரிலிட்டு அருந்தும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கிருந்தது. அதை மருத்துவ வரலாற்றின் பக்கம் ஒதுக்கிவிடுகின்றனர். இப்பிரிவினை எனக்கு உடன்பாடன்று.

ஜோஷாந்தாவை எடுத்துக்கொள்வோம். கொதித்தலைக் குறிக்கும் பாரசீக வினையிலிருந்து பிறந்த சொல் இது. இந்த யூனானிக் கசாயத்தில் சிறப்பிடம் பெறுவது பனஃப்ஷா என்னும் சிறு ஊதாப்பூ. இபின் சீனாவின் மருத்துவ நூலிலேயே இது பேசப்படுகிறது. உலர்ந்த பூவுடன் அதிமதுரமும், உன்னாப் எனப்படும் இலந்தை வகைக் கனியும் சேர்த்து நீர் சுண்டக் காய்ச்சி, வடித்து, சர்க்கரையிட்டுச் சளிக்கும் இருமலுக்கும் பருகுவர். காய்ச்சாமல் ஊறவைத்து வடித்தால் அதற்குப் பெயர் கேசாந்தா. (மெல்லிய பூவுக்கு இதுவே தகும் என்பது என் துணிபு.)

தில்லியில் ஹக்கீம் அஜ்மல் கானின் முயற்சியால் எழுந்த திப்பியாக் கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்தார். 1906இல் அந்நகரிலேயே ஹம்தர்த் தொடங்கியிருந்தது. அடுக்களைக் கசாயம் பின்னாளில் புட்டிக்கும் பொட்டலத்துக்கும் மாறியது. இவையெல்லாம் பலர் எழுதியவை.

அரிதாகவே எழுதப்படுவது பூப்பறிப்போர் வரலாறு. இமாச்சல, காஷ்மீர மலைச்சரிவுகளில் இளவேனிலில் மலரும் இப்பூவை ஒவ்வொன்றாகக் கையால் கொய்து உலர்த்த வேண்டும். உலர்ந்தபின் எடையே இராது. ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் பூக்கள் தேவை. எடைக்குத்தான் கூலி. அப்பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.