பல துணை அலகு இயக்குநீர்களின் மரபணுப் பொறியியல்

பல துணை அலகு இயக்குநீர்களின் மரபணுப் பொறியியல் என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட புரதத் தொடர்கள் இணைந்து உருவாகும் இயக்குநீர்களை (ஹார்மோன்களை), அவற்றின் மரபணுக்களை வேறோர் உயிரணுவில் புகுத்தி உற்பத்தி செய்வதும் மாற்றியமைப்பதும் ஆகும். கருவுறாமைக்கான மருந்துகளும், இந்தியாவில் ஆராயப்பட்ட கருத்தடைத் தடுப்பூசியும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

அமைப்பு

எப்.எஸ்.எச், எல்.எச், டி.எஸ்.எச், எச்.சி.ஜி ஆகிய நான்கு மனித இயக்குநீர்களும் ஆல்பா, பீட்டா என்னும் இரு துணை அலகுகளால் ஆனவை. 92 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்பா அலகு நான்கிற்கும் பொதுவானது. பீட்டா அலகே ஒவ்வொன்றின் தனிப் பண்பைத் தீர்மானிக்கிறது. தனித்து நிற்கும் அலகுக்கு இயக்குநீரின் செயற்பாடு இல்லை.

உற்பத்தி முறை

இன்சுலினின் இரு தொடர்களும் 1978-இல் பாக்டீரியாக்களில் தனித்தனியே உருவாக்கப்பட்டு, பின்னர் இணைக்கப்பட்டன. மேற்கூறிய நான்கு இயக்குநீர்களுக்கு இம்முறை பொருந்தவில்லை. இவற்றின் மீது சர்க்கரைத் தொடர்கள் இணைந்திருக்க வேண்டும். எசரிக்கியா கோலை பாக்டீரியா அவற்றைச் சேர்ப்பதில்லை. எனவே இரு மரபணுக்களும் சீன வெள்ளெலியின் சூலக உயிரணுக்களில் ஒருசேரப் புகுத்தப்படுகின்றன. இவ்வாறு உருவான எப்.எஸ்.எச் 1995-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்னர் அது மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

இரு அலகுகளையும் ஒரே தொடராக இணைத்தாலும் இயக்குநீர் செயற்படும் என்பது 1990களில் அறியப்பட்டது. எச்.சி.ஜி பீட்டா அலகின் வால் பகுதியை எப்.எஸ்.எச்-இன் பீட்டா அலகுடன் இணைத்து உருவாக்கிய மருந்து, 2010-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. இதன் ஒரு ஊசி, ஏழு நாட்கள் தினமும் போடும் ஊசிகளுக்கு ஈடாகும்.

இந்தியாவில்

பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள், பிச்சியா பாசுடோரிசு என்னும் ஈஸ்டில் செயற்படும் எச்.சி.ஜி-யை உருவாக்கி 1999-இல் வெளியிட்டனர்.

கருவைத் தக்கவைக்க எச்.சி.ஜி தேவை. அதை எதிர்ப்பொருள்களால் முடக்கிக் கருத்தரிப்பைத் தடுக்கும் ஆய்வை ஜி. பி. தல்வார் 1970களில் தொடங்கினார். முழு எச்.சி.ஜி-யைப் பயன்படுத்தினால் ஆல்பா அலகு வழியாகப் பிற இயக்குநீர்களும் தாக்கப்படும் என்பதால், பீட்டா அலகு தெரிவு செய்யப்பட்டது. உடல் அதைத் தன்னுடையதாகவே கருதும் என்பதால், அது டெட்டனசு நச்சுப்பொருளின் நச்சு நீக்கிய வடிவுடன் இணைக்கப்பட்டது. பின்னர் அதனுடன் செம்மறியாட்டின் ஆல்பா அலகும் சேர்க்கப்பட்டது.

148 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 1994-இல் வெளியாயின. எதிர்ப்பொருள் மில்லிலீட்டருக்கு 50 நானோகிராமுக்கு மேல் இருந்த 1224 மாதவிடாய்ச் சுழற்சிகளில் ஒரே ஒரு கருத்தரிப்பு ஏற்பட்டது. எதிர்ப்பொருள் குறைந்தபின் கருவுறும் திறன் திரும்பியது. எனினும் சுமார் 80 விழுக்காட்டினரே அந்த அளவை எட்டினர்.

இக்குறையைக் களைய, பீட்டா அலகின் மரபணுவும் எசரிக்கியா கோலை நச்சின் பி அலகின் மரபணுவும் ஒன்றாக இணைக்கப்பட்டன. இக்கலப்புப் புரதம் பிச்சியா ஈஸ்டில் உற்பத்தி செய்யப்பட்டது. எலிகளில் இது அதிக எதிர்ப்பொருள்களை உருவாக்கியது.

விமர்சனங்கள்

இத்தகைய தடுப்பூசி ஆய்வுகளை நிறுத்துமாறு பல நாடுகளின் பெண்கள் அமைப்புகள் 1993-இல் கோரின. ஊசி போட்டபின் பெண் தன் விருப்பப்படி அதன் விளைவை நிறுத்த இயலாது என்பதும், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டின் பெயரால் பெண்கள் மீது திணிக்கப்படலாம் என்பதும் அவற்றின் முக்கிய வாதங்கள். விளைவு தற்காலிகமானது என்பது ஆய்வாளர்களின் பதிலாக இருந்தது.

இவற்றையும் பார்க்க

இன்சுலின்
மரபணுப் பொறியியல்
தடுப்பூசி