யானைமேல் துஞ்சிய இளவரசன்

முன்னோரின் வாழ்வையும் மறைவையும் தலைமுறை தோறும் நினைவில் நிறுத்தும் வழக்கம் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது எனினும், அந்நினைவைக் கல்லிலும் செம்பிலும் பொறித்துவைக்கும் வாய்ப்பு அரச குடும்பங்களுக்கே பெரிதும் அமைந்தது. தமிழக அரச மரபுகளுள் இவ்வகையில் மிகுதியான சான்றுகளை விட்டுச் சென்றவர்கள் பிற்காலச் சோழர்கள் ஆவர். இறந்த மன்னரை, இறப்பைக் குறிக்கும் மங்கலச் சொல்லாகிய 'துஞ்சின' என்பதோடு, உயிர் பிரிந்த இடத்தையும் சேர்த்து வழங்குவது அவர்களுடைய கல்வெட்டு மரபாகும். காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் இறந்த சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்றும், அவருடைய தந்தை அரிஞ்சயர் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்றும் குறிக்கப்பட்டது இம்மரபின்படியே ஆகும்.

நினைவு பெயரளவில் நின்றுவிடவில்லை. இறந்தவரை அடக்கம் செய்த இடத்திலோ அவர் நினைவாகவோ எழுப்பப்படும் சிவாலயத்துக்குப் பள்ளிப்படை என்று பெயர். முதலாம் ஆதித்தனுக்கு அவன் மகன் முதலாம் பராந்தகன் காளத்திக்கு அருகிலுள்ள தொண்டைமானாற்றூரிலும், அரிஞ்சயனுக்கு அவன் பேரன் ராஜராஜன் பொன்னையாற்றங்கரையிலுள்ள மேல்பாடியிலும், ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் பழையாறைப் பகுதியிலும் பள்ளிப்படைகள் எடுத்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் தமக்கை குந்தவை தம் தந்தைக்கும் தாய்க்கும் படிமங்கள் எடுப்பித்து, அவற்றுக்கு அணிகலன்களும் அளித்தமை அக்கோயில் கல்வெட்டுகளில் விரிவாகப் பதிவாகியுள்ளது.

இத்தகைய மரபில் வந்த குடும்பம் தன் பெருந்தோல்வி ஒன்றில் மாண்ட முன்னோனை எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பது ஆராயத்தக்கது. அம்முன்னோன் பராந்தகனின் மூத்த மகனும் பட்டத்துக்குரிய இளவரசனுமாகிய ராஜாதித்தன். சோழநாட்டின் வட எல்லைக்குக் காவலாகத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் தங்கியிருந்த அவன், 949ஆம் ஆண்டில், இன்றைய அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பொருது, யானை மீதிருந்தவாறே உயிர் துறந்தான். அவனுடைய மரணத்தைப் பற்றி, குடும்பத்தார், பகைவர், நண்பர் ஆகிய மூன்று தரப்பினரின் சான்றுகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

குடும்பத்தாரின் சான்று ஆனைமங்கலச் செப்பேடு ஆகும். நெதர்லாந்து நாட்டின் லைடன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் லைடன் செப்பேடு என்றும் அழைக்கப்படும் இது, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் 1006ஆம் ஆண்டளவில் அளித்த ஊர்க்கொடையைக் கூறுவது. அதனைச் செம்பில் பொறித்து நிலைபெறச் செய்தவன் அவன் மகன் ராஜேந்திரன். கொடையாளியின் குலத்தை முதலில் புகழ்ந்து, அதன் பின்னரே கொடையைச் சொல்வது செப்பேடுகளின் முறையாதலால், இதன் வடமொழிப் பகுதியில் சோழர் வமிசாவளி இடம்பெறுகிறது. அசைக்கமுடியாத கிருஷ்ணராஜனையும் அவன் சேனையையும் தன் கூரிய அம்புகளால் கலங்கடித்த ராஜாதித்தன், பெரிய யானையின் மேல் அமர்ந்திருந்தபோது பகைவனின் அம்புகள் மார்பைத் துளைக்க, மூவுலகும் புகழ விமானமேறி வீரசுவர்க்கம் புகுந்தான் என்று அது கூறுகிறது. இறப்பு இதில் மறைக்கப்படவில்லை. ஆனால் அதனைத் தொடர்ந்து தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போனது பற்றி அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பகைவரின் சான்று கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் நடப்பட்டிருந்த கன்னட நினைவுக்கல் ஆகும். ராஜாதித்தனைக் கொன்றவன் கிருஷ்ணனின் மைத்துனனும் கங்க நாட்டு அரசனுமாகிய இரண்டாம் பூதுகன் என்றும், அச்செயலுக்குப் பரிசாக வனவாசி முதலிய நாடுகளைக் கிருஷ்ணன் அவனுக்கு அளித்தான் என்றும் இக்கல் தெரிவிக்கிறது. சோழர் செப்பேட்டில் பூதுகனின் பெயரே இல்லை. பேரரசன் கையால் மடிந்தான் என்பது குலத்துக்கு ஏற்புடையதாகவும், அவனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசன் கையால் மடிந்தான் என்பது ஏற்பில்லாததாகவும் கருதப்பட்டிருக்கலாம். இதில் வியப்புக்குரியது, ஆதகூர்க் கல் ராஜாதித்தனுக்காகவோ பூதுகனுக்காகவோ நடப்பட்டதன்று என்பதே. பூதுகனின் வீரனான மணலேரன் போரில் காட்டிய திறத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்று அரசன் கூற, அவன் அரசனிடமிருந்த காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, பன்றியைக் கொன்று தானும் மாண்டது. நாயும் பன்றியும் பொரும் சிற்பத்தோடு அதற்கு நடப்பட்ட கல்லில்தான் சோழ இளவரசனின் முடிவும் எழுதப்பட்டிருக்கிறது. அக்கல்லுக்கு நிலம் விடப்பட்டதோடு, அதற்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசகர் அந்நாயின் பாவத்தை அடைவார் என்ற எச்சரிக்கையும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

நண்பரின் சான்று திருவொற்றியூர்க் கோயிலில் உள்ளது. கேரளத்தில் பிறந்து, கலைகளைக் கற்று, சோழநாடு வந்து ராஜாதித்தனின் உற்ற துணையாக விளங்கிய வல்லபன் என்பவர், போர்க்களத்தில் தலைவனோடு சேர்ந்து உயிர்விட இயலாமற் போனதை இழுக்காகக் கருதி, கங்கையில் நீராடித் துறவு பூண்டு, நிரஞ்சன குருவிடம் தீக்கை பெற்று, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் ஒற்றியூர் மடத்தின் தலைவரானார் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. அது சோழ மன்னனின் ஆட்சியாண்டைக் குறிப்பிடாமல், கன்னரதேவன் எனப்பட்ட மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் குறிப்பிடுகிறது. செப்பேடு சொல்லாமல் விட்ட நாட்டிழப்பை இந்த ஆண்டுக் குறிப்பே உறுதிப்படுத்துகிறது.

இதே குடும்பத்தில் நிகழ்ந்த மற்றொரு மரணமும் இவ்வாறே பதிவாயிற்று. ராஜராஜனின் தமையன் ஆதித்த கரிகாலன், விண்ணுலகைக் காணும் விருப்பால் மறைந்தான் என்று ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு மங்கலமாக மொழிகிறது. அவன் கொலையுண்டான் என்பதும், கொன்ற துரோகிகள் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் என்பதும் காட்டுமன்னார்கோயிலிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டால் தெரியவருகின்றன. அது புகழ்பாட எழுந்ததன்று. துரோகிகளுக்கும் அவர்களுடைய உறவினருக்கும் உரிய நிலங்களைப் பறித்து விற்றதைக் கூறும் ஆவணம்.

குலப்பெருமை கூறும் எழுத்து முன்னோரை எவ்வாறு நினைக்க வேண்டும் என்று வழிவந்தோர் விரும்பினர் என்பதையும், பிற காரியங்களுக்காக எழுந்த எழுத்து முன்னோருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்பதையும் காட்டுகின்றன. ஒன்றை மட்டும் கொண்டு எழுதப்படும் குடும்ப வரலாறு குறையுடையதாகவே அமையும். தம் குடும்பத்து மூதாதையரின் கதையை எழுதப் புகுவோர், வீட்டில் வழங்கும் பெருமைமிக்க செய்திகளோடு, பழைய நிலப் பத்திரங்களையும் வழக்குத் தீர்ப்புகளையும், இயன்றால் எதிர்த்தரப்பினரின் வழிவந்தோர் கூறுவனவற்றையும் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)